சித்திக்காக நான் திறந்த மூன்று கடைகள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழும்பில் நடுத்தெருவில் நின்றுகொண்டு நான் மூன்று கடைகளுக்குச் சொந்தக்காரி ஆனேன். மூன்றும் ஹட்டன் டவுனில் இருந்தன. ஒன்று சாமான் கடை, இன்னொன்று துணிக்கடை, மூன்றாவது மருந்துக்கடை. உண்மையில் நாங்கள் மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு அந்த டவுனுக்குப் போய், அரிசியும் கருவாடும் வாங்கிக்கொண்டு திரும்புகிற கூட்டம். எங்கள் வீடு அங்கிருந்து ஒரு மணி நேரம் உள்ளே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளின் வரிசையில் நான்காவது காம்பரா. இந்தப் பொய்களை நானாக விரும்பிச் சொல்லவில்லை, சித்தியின் கல்யாணத்துக்காகச் சொன்னேன். சொல்ல ஆரம்பித்த பிறகு விரும்பித்தான் சொன்னேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சித்தி என் அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அம்மாதான் அவளை வளர்த்து, பள்ளிக்கு அனுப்பி, பிறகு மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொழும்புக்கும் அனுப்பினாள். அங்கே ஒரு துணிக்கடையில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவாள், வந்தால் காம்பரா முழுக்க ஷாம்பு வாசம் அடிக்கும். எனக்கு உலகத்திலேயே அழகான ஆள் அவள்தான்.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கூட வேலை செய்த பெண்கள் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்கள். ஹட்டன் என்றாள். அதில் பொய் இல்லை, எங்கள் கடித விலாசம் ஹட்டனில்தான் போய் முடிகிறது. டவுனா என்று கேட்டதற்கு, "ம்" என்றாள். அதற்கு முந்தின நிமிஷம்தான் அந்தப் பெண்கள் வேலையை விட்டுப்போன வேறொருத்தியைப் பற்றி, "தோட்டக்காட்டு ஆளு, அதான் அப்படி" என்று பேசிச் சிரித்திருந்தார்கள். அந்த ஒரு "ம்" பிறகு மாவு மாதிரிப் பொங்கிப் பெரிதானது. எதிர்ப்பக்கம் போன் திருத்துகிற கடையில் வேலை பார்த்த ஒருவர் சித்தியை விரும்பினார், சித்தியும் விரும்பினாள். தாங்கள் கண்டிப் பக்கத்து வியாபாரக் குடும்பம் என்று அவர் சொல்ல, எங்களுக்கும் ஹட்டனில் கடை இருக்கிறது என்று இவள் சொல்லிவிட்டாள். என்ன கடை என்று அவர் கேட்கவில்லை. காதலிக்கிறவர்கள் இதையெல்லாம் கேட்பதில்லை போலிருக்கிறது.

ஆனால் அவருடைய தாயார் பெண்ணின் ஆட்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஹட்டனுக்கே வருகிறேன் என்றாராம். சித்திக்கு உயிர் போய்விட்டது. வேண்டாம், அக்கா எப்படியும் கொழும்புக்கு வருகிறாள், இங்கேயே சந்திக்கலாம் என்று சமாளித்திருக்கிறாள். அவள் தங்கியிருந்த போடிங்கில் ஒரே அறையில் ஐந்து பெண்கள், அங்கே யாரையும் கூப்பிட முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தெருவை அடைத்து நடக்கும் சந்தை ஒன்றில், நாலு கடையைப் பார்த்த மாதிரியும் இருக்கும், ஆளைப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று முடிவானது.

அப்பாவைக் கூட்டிப்போகவில்லை. அவர் பொய் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவார். நான் நன்றாகப் பொய் சொல்வேன் என்று லயத்தில் எனக்கு ஏற்கனவே நல்ல பெயர் இருந்தது.

சித்தி போனிலேயே எனக்குச் சட்டம் போட்டாள். லயம் என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது. மலை என்று சொல்லக் கூடாது, ஏனென்றால் எங்களுக்கு மலைக்குப் போவது என்றால் வேலைக்குப் போவது. பெரட்டு என்று சொல்லக் கூடாது, காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற அந்த இடம் தோட்டத்தைத் தவிர வேறெங்கும் கிடையாது. கொழுந்து, கூடை, தொரை எல்லாம் கூடாது. மாப்பிள்ளையின் தாயாரை ஆன்ட்டி என்று கூப்பிட வேண்டும். நான் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி மனப்பாடம் செய்தேன். வாய்ப்பாட்டுக்குக்கூட நான் அவ்வளவு பாடுபட்டதில்லை.

அம்மாவுக்கு வேறு கவலை. வருஷக்கணக்காகக் கொழுந்து பறித்த விரல்களில் சாறு ஏறி, ரேகை ரேகையாகக் கறுத்துப்போயிருக்கும். மூன்று நாள் புளியும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தாள், பிறகு அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேய்த்தாள். விரல் சிவந்ததே தவிர கறை அசையவில்லை. கடைசியில் கீழே இருக்கிற பணிய லயத்து டீச்சரிடம் ஒரு கைப்பை இரவல் வாங்கிக்கொண்டாள். அதை இரண்டு கையாலும் பிடித்து, விரல்களைப் பைக்கு அடியில் மடக்கிவைத்துக்கொண்டால் ஒன்றும் தெரியாது. காம்பராவுக்குள் அப்படிப் பிடித்துக்கொண்டு நடந்து பழகினாள். அப்பா அதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று வெளியே போய்ச் சிரித்தார்.

சனிக்கிழமை ரயிலில் அம்மா என்னைப் பரீட்சை வைத்தாள், நான் நூற்றுக்கு நூறு எடுத்தேன். ஆனால் அம்மாவே தேறவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "பாருடி, கவ்வாத்து வெட்டி எவ்ளோ நாளாச்சு, இன்னும் மிலாரு பொறுக்கல" என்றாள் சத்தமாக. செடியை வெட்டுவதும் வெட்டிய கம்பைப் பொறுக்குவதும் கடைக்காரர்களுக்கு எதற்கு? நான் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். அவள் உடனே கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஊமை மாதிரி உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அந்தச் சந்தைக்குள் கால் வைத்ததும் எனக்குச் சட்டமெல்லாம் மறந்துபோயிற்று. ஹட்டன் சந்தை எனக்குத் தெரியும். அங்கே உருளைக்கிழங்கும் லீக்ஸும் பழைய கம்பளிச் சட்டையும் குவிந்து கிடக்கும், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். இங்கே வேறெங்கும் யாரும் வாங்க மாட்டார்கள் என்று நினைக்கக்கூடிய பொருள்கள் மட்டும்தான் இருந்தன, அவற்றை எல்லாரும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். சோடா மூடியில் செய்த தோடு. பழைய சேலையில் தைத்த கோட்டு. உடைந்த தட்டில் செய்த மணிக்கூடு. கட்டைக்கால் கட்டிய ஒருவர் ஆட்களின் தலைக்கு மேலே தொப்பியை ஆட்டிக்கொண்டு நடந்தார். நடுத்தெருவில் பிள்ளைகள் சோக்கட்டியால் படம் வரைந்தார்கள், யாரும் அவர்களை அடிக்கவில்லை. ஒரு மூலையில் றபான் மேளம் அடித்துப் பைலாப் பாட்டுப் பாட, வயசான ஒரு சிங்களத் தம்பதி கைகோத்து ஆடினார்கள். ஓர் அக்கா என்னைப் பிடித்து உட்காரவைத்து, காசு வேண்டாம் என்று சொல்லி, முகத்தில் பூனை மீசை வரைந்துவிட்டாள். அன்று நான் சொன்ன பொய் எல்லாம் அந்த மீசையோடு சொன்னவைதான்.

ஒரு கடையில் கண்ணாடிப் போத்தலில் தேத்தண்ணியை ஊற்றி ஐஸ் போட்டு விற்றார்கள். அம்மா அதை இரக்கத்தோடு பார்த்தாள். "பாவம், அடுப்பு பத்தலையோ என்னவோ" என்றாள். சித்தி அவளை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அப்பம் சுடும் இடத்தருகே மாப்பிள்ளையும் தாயாரும் நின்றார்கள். மாப்பிள்ளை ஒல்லியாக, நெற்றியெல்லாம் வேர்த்து, பரீட்சைக்கு வந்த ஆள் மாதிரி இருந்தார். தாயார் என் அம்மாவைவிடக் கொஞ்சம் மூத்தவர். நல்ல உயரம், மயில் நிறத்தில் பட்டுச்சேலை, கழுத்தில் தடித்த சங்கிலி. வியாபாரக் குடும்பம் என்பதற்கு வேறு சாட்சியே தேவையில்லை. அம்மா கும்பிடுவதற்காகக் கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் சேர்த்தாள். தாயார் பதிலுக்குக் கும்பிடாமல் முன்னால் வந்து, அந்த இரண்டு கைகளையும் தன் கைக்குள் பிடித்துக்கொண்டார்.

"வாங்க தங்கச்சி. ரொம்ப தூரம் வந்திருக்கீங்க. நாங்க அப்பவே வந்து ஒரு சுத்து சுத்திட்டோம்" என்றார். கையை உடனே விடவில்லை. அம்மா மெதுவாக உருவிக்கொண்டு மறுபடி பைக்கு அடியில் ஒளித்தாள்.

பிறகு தாயார் குனிந்து என் மீசையைப் பார்த்துச் சிரித்தார். பஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். அதைத் தின்னவிட்டுக்கொண்டே கேள்வி கேட்டார்.

"அப்பா என்ன கட வச்சிருக்காங்க, பாப்பா?"

இந்தக் கேள்விக்குப் பதில் என் கொப்பியில் இல்லை. கடை என்று சொல்லச் சொன்னார்களே தவிர என்ன கடை என்று யாரும் சொல்லித்தரவில்லை. சித்தியைப் பார்த்தேன், அவள் வானத்தைப் பார்த்தாள்.

"சாமான் கட" என்றேன்.

"அப்படியா. சீனி என்ன வெல போகுது இப்ப?"

எனக்கு எப்படித் தெரியும்? "சீனி விக்கிறதில்ல, ஆன்ட்டி. துணி விக்கிறோம்."

"சாமான் கடையில துணியா?"

"அது வேற கட. ரெண்டு கட இருக்கு." சொன்னதும் எனக்கே அது பிடித்துவிட்டது. "மருந்துக்கடையும் இருக்கு."

"அம்மாடி! மூணு கடையா!" தாயார் மார்பில் கைவைத்தார். "அப்ப அம்மா வெள்ளன எந்திரிக்கணுமே?"

"நாலரைக்கே எந்திரிப்பாங்க. ரொட்டி சுட்டு வச்சிட்டு பெர…" சித்தி இருமினாள். "பெரிய கடைக்குப் போயிருவாங்க."

தாயார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என்னைப் பிடித்துப்போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை மட்டும் எதற்கோ தன் அம்மாவைக் கலவரத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் சேர்ந்து சந்தையைச் சுற்றினோம். விளக்கு விற்கிற கடை ஒன்றில், நடுநாயகமாக ஒரு கொழுந்துக்கூடை தலைகீழாகத் தொங்கியது. உள்ளே ஒரு பல்ப் எரிந்தது. எங்கள் வீட்டில் ஆணியில் மாட்டியிருப்பது மாதிரியே பிரம்பில் பின்னிய கூடை. நான் சட்டென்று திரும்பி வேறு பக்கம் பார்த்தேன். அம்மாவும் வேறு பக்கம் பார்த்தாள். பார்த்த பக்கத்தில் தாயாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால், மூவரும் முகத்துக்கு முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டு மேலே நடந்தோம்.

எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. சித்தியின் முகத்தில்கூட இரத்தம் திரும்பியிருந்தது. இன்னும் அரை மணி நேரம் தாக்குப்பிடித்தால் போதும், கல்யாணம் முடிந்த மாதிரி என்று அவள் என் காதில் சொன்னாள். திரும்பிப் போகிற வழியில்தான் தாயார், அந்தக் கோடியில் பூச்செடி விற்கிறார்கள், பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். மாப்பிள்ளை, வெயிலாக இருக்கிறது, வேண்டாம் என்றார். சித்தியும் அக்காவுக்குக் கால் வலிக்கும் என்றாள். தாயார் கேட்கவில்லை. "அட, வாங்கங்கிறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

அது கொண்டை போட்ட ஒரு சிங்களப் பையனுடைய கடை. பால்மா டின்களில் வண்ணம் அடித்து, அதில் செடி வைத்து விற்றான். கற்றாழை, மணிச்செடி, பெயர் தெரியாத முள்ளுகள். ஆள் மட்டும் இல்லை, அப்பம் வாங்கப் போயிருந்தான். எல்லாவற்றுக்கும் நடுவில் நீள வாங்குப் பலகை ஒன்றில் வரிசையாக எட்டு டின்கள். எட்டிலும் தேயிலைச் செடி.

சாதாரணத் தேயிலைச் செடிகள்கூட இல்லை. யாரும் கையே வைக்காமல், கொழுந்து நீண்டு தளதளவென்று நின்றன. வாங்கின் மேல் அவை சரியாக அம்மாவின் இடுப்பு உயரத்துக்கு வந்தன. மலையில் செடி அந்த உயரத்தில்தான் நிற்கும். நான் அம்மாவைப் பார்த்தேன். பசியில் இருக்கிறவர்கள் சோற்றைப் பார்ப்பதுபோல அவள் அந்தச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, இப்படிப் போட்டு வச்சிருக்காங்களே" என்றாள் தனக்குள். "இன்னும் ரெண்டு நாள் போனா முத்திருமே."

கைப்பை தரையில் விழுந்தது. அதைப் பற்றி அம்மாவிடம் பிற்பாடு எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எனக்கு ஒன்றுமே நினைவில்லை, ஒரு கொழுந்தை மட்டும் கிள்ளிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன் என்பாள். ஒன்று கிள்ளினாள். பக்கத்தில் இன்னொன்று. பிறகு இரண்டு கையும் இறங்கிவிட்டது. டக் டக் டக்கென்று விரல்கள் பாய்ந்தன, கண் செடியைப் பார்த்ததா என்றுகூடச் சொல்ல முடியாது. முதல் டின், இரண்டாவது டின், மூன்றாவது. நான் வாயில் பஞ்சு மிட்டாயோடு நின்றேன். சித்தி, "அக்கா" என்றாள். அம்மாவின் காதில் அது விழவில்லை. நாலாவது டின்னில் அம்மாவின் இரண்டு கையும் நிறைந்துவிட்டன. கை நிறைந்தால் கொழுந்து பறிக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? தலைக்கயிற்றில் தொங்கும் கூடைக்குள், திரும்பிப் பார்க்காமல், தோளுக்கு மேலாகப் பின்பக்கம் வீசுவார்கள்.

அம்மாவும் வீசினாள்.

முதுகில் கூடை இல்லை. கூடை இருக்க வேண்டிய இடத்தில் மாப்பிள்ளையின் தாயார் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கை நிறைந்த பச்சைக் கொழுந்தும் அவர் தலையிலும் தோளிலும் மயில் நிறப் பட்டிலும் கொட்டியது. ஒன்று மூக்குக்கண்ணாடியில் தொத்திக்கொண்டு நின்றது.

அந்தப் பக்கம் பைலா மட்டும் கேட்டது. அம்மா திரும்பிப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், ஒளித்துவைக்கப் பை இல்லாமல் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். தான் வளர்த்த பிள்ளையின் வாழ்க்கையைத் தானே கெடுத்துவிட்டோம் என்று நினைத்திருப்பாள். சித்தி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், கன்னத்தில் கண்ணீர் ஓடியது. இனி என்னை விட்டால் ஆள் இல்லை என்று எனக்குப் பட்டது. மீசையோடு இருவருக்கும் நடுவில் பாய்ந்து நின்றேன்.

"ஆன்ட்டி! எங்கம்மாவுக்குத் தேயிலைன்னா என்னான்னே தெரியாது!" என்று கத்தினேன்.

தாயார் என்னைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியில் இருந்த கொழுந்தை எடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோளில் கிடந்த இன்னும் இரண்டை எடுத்து, விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"கொழுந்து நல்லாத்தான் இருக்கு, தங்கச்சி" என்றார். "ஆனா முத்தலும் கெடக்கே. எங்க கண்டாக்கையாவா இருந்தா இதுக்கே நிறுவையில ரெண்டு கிலோ வெட்டியிருப்பாரு."

கண்டாக்கு என்றால் மலையில் எங்கள் ஆட்கள் செய்யும் வேலையை மேற்பார்க்கிறவர். கண்டியில் எந்தக் கடையிலும் அந்த வார்த்தை கிடைக்காது.

நான் எதிர்பார்த்தது, நீங்களுமா என்று அம்மா கேட்பாள் என்று. அவள் அப்படிக் கேட்கவில்லை. பின்னால் கட்டியிருந்த கை தானாகவே அவிழ்ந்தது.

"எந்தத் தோட்டங்க?" என்றாள்.

"கொத்மலைப் பக்கம். டேமுக்கு மேல. பதினாறு வருசம் கொழுந்துக்கூட தூக்கினேன், தங்கச்சி. இவனுக்கு எட்டு வயசா இருக்கப்பதான் எறங்கி வந்தோம்."

அந்த இருவரும் சிரித்த சிரிப்பை என்னால் எழுத முடியாது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, மூச்சுவாங்கி, கண்ணைத் துடைத்து, மறுபடி பார்த்துவிட்டு மறுபடி சிரித்தார்கள். சித்தி கண்ணைத் திறந்து மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"கண்டின்னு சொன்னீங்க?"

"எங்க ஊர்லருந்து கண்டிக்கு பஸ் போகுது" என்றார் அவர், செருப்பைப் பார்த்துக்கொண்டு. பிறகு நிமிர்ந்து, "நீங்க மட்டும்? மூணு கடையாமே?" என்றார். சித்தி தன் பையால் அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். நடுத்தெருவில், எல்லாரும் பார்க்க. எனக்கு ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது.

அந்த நேரம் அப்பத்தோடு வந்து சேர்ந்தான் கொண்டைப் பையன். மொட்டையாக நின்ற நாலு செடியைப் பார்த்தான். "அனே, அக்கே! மொகத மே களே!" என்று தலையில் கைவைத்தான். என்ன காரியம் செய்துவிட்டீர்கள் என்று அவன் கேட்டதற்கு அம்மாவும் தாயாரும் ஒரே நேரத்தில் சிங்களத்தில் பதில் சொன்னார்கள். நுனியைக் கிள்ளாமல் வைத்திருந்தால் செடி கம்பு மாதிரி மேலேதான் போகும், கிள்ளிவிட்டால் ஒன்று இருந்த இடத்தில் நாலு வெடிக்கும், இது தெரியாமல் நீ என்ன செடி விற்கிறாய் என்று அவனையே திட்டினார்கள். பையன் நல்லவன். சந்தேகத்தோடு மிச்சம் நாலு டின்னையும் காட்டி, அப்படியானால் இதையும் செய்துவிடுங்கள் என்றான்.

தாயார் சேலையைத் தூக்கிச் செருகினார். சங்கிலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டார். ஆளுக்கு இரண்டு டின். "பாப்பா, நீ பின்னால நில்லு" என்றதும் நான் என் பாவாடையை ஏந்திக்கொண்டு இருவருக்கும் கூடையாக நின்றேன். கட்டைக்கால்காரர்கூட வந்து எட்டிப் பார்த்தார். யாரோ போனில் படம் எடுத்தார்கள், யாரோ கைதட்டினார்கள். தாயாருக்கு விரல் பழக்கம் விட்டுப்போயிருந்தது, அம்மா அரை டின் முந்திவிட்டாள். "முந்தாநேத்துக்கூட மலைக்குப் போனவங்களோட நான் போட்டி போட முடியுமா" என்று தாயார் தோல்வியை ஒத்துக்கொண்டார். மலை என்ற வார்த்தையை அவர் எவ்வளவு சத்தமாகச் சொன்னார் என்பது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

கொழுந்தைப் பையன் பேப்பரில் மடித்து இரண்டு பொட்டலமாகக் கொடுத்தான். அம்மா எதற்கு அதை வாங்கிக்கொண்டாள் என்று அப்பா பிறகு கேட்டார். எங்கள் வீட்டைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் அதுதானே இருக்கிறது. அவள் அதை அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைத்தாள்.

அன்று சந்தோஷமாக இல்லாத ஒரே ஆள் நான்தான். எல்லாரும் தோட்டத்து ஆட்கள் என்று ஆகிவிட்டதில் என் கடைகள் மூன்றும் மூடப்பட்டுவிட்டன. துணிக்கடையில் எனக்கு ஊதா நிறத்தில் ஒரு சட்டைகூட எடுத்து வைத்திருந்தேன். போடிங்குக்குத் திரும்புகிற வழியில் அதை நினைத்து அழுதேன். பூனை மீசை கன்னமெல்லாம் கரைந்தது.

ஆறு மாதத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் லயத்துக்கே வந்து இறங்கினார்கள். தாயார் பஸ்ஸிலிருந்து இறங்கினதும், "எங்க எங்க மூணு கட முதலாளியம்மா?" என்று என்னைத்தான் தேடினார். இப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறார். அந்தக் கல்யாணம் நான் சாமர்த்தியமாகப் பொய் சொன்னதால் நடந்தது என்று ரொம்ப காலம் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் பலரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

இப்போது எனக்கும் கொழும்பில்தான் வேலை. அந்தச் சந்தை வேறு தெருவுக்கு மாறிவிட்டது, போன மாதம் போயிருந்தேன். தேயிலைச் செடி எதுவும் விற்கவில்லை. இருந்தாலும் செடிக்கடை ஒன்றின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

நாங்கள் வந்து சேர்ந்தபோது தாயார் சந்தையில் ஏற்கனவே ஒரு சுற்று சுற்றியிருந்தார். அந்தக் கோடியில் என்ன விற்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் அம்மாவின் கையைப் பிடித்தவர் உடனே விடவில்லை, விரல் நுனியைத் தன் விரலால் தடவிக்கொண்டு நின்றார். கொழுந்து பறித்துக் காய்த்த விரலைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கிற கை அது. அதற்குப் பிறகும் என்னிடம் சீனி விலை கேட்டார். நேராகக் கேட்டிருந்தால் அம்மா கூசிப்போயிருப்பாள். தானே முதலில் சொல்லிவிடவும் அவருக்குத் துணிச்சல் வரவில்லை போலிருக்கிறது, பட்டுச்சேலையெல்லாம் கட்டிக்கொண்டு வந்தவர் ஆயிற்றே. அதனால்தான் யார் தடுத்தும் கேட்காமல் எங்களை அந்த வாங்குக்குக் கூட்டிப்போனார்.

கூட்டிப்போனவர், செடியை நன்றாகப் பார்க்க என் அம்மாவுக்குப் பக்கத்தில் அல்லவா நின்றிருக்க வேண்டும்? அவர் பின்னால் போய், ஒரு கை தூரத்தில், கூடை தொங்குகிற இடம் பார்த்து நின்றார்.